எட்டு போதும்: கண்மாய்க்கரைக்கு ஒரு பைனாகுலர்

புதுக்கோட்டையில் பறவை பார்ப்பதற்கென்று பைனாகுலர் வாங்குகிறவர் லென்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வெயிலைப் பற்றி யோசிக்க வேண்டும். கவிநாடு கண்மாய் நிறைந்து கிடக்கிற தை மாதத்தில்கூட, காலை ஒன்பது மணி தாண்டினால் நீர்ப்பரப்புக்கு மேலே காற்று நெளியத் தொடங்கிவிடும். அக்கரைச் சேற்றில் நிற்கும் நத்தைகுத்தி நாரையின் கால்கள் உருகி ஓடுவதுபோல் ஆடும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியாலும் அந்த நெளிவை நிறுத்த முடியாது. பத்து மடங்கு பெருக்கினால் நெளிவும் பத்து மடங்கு பெருகும், அவ்வளவுதான்.

ஆனாலும் கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை எக்ஸ்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பருவத்தில் மூன்று பைனாகுலர்களைக் கண்மாய், மலை, கடற்கரை என்று மாற்றி மாற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தேன். நிக்கான் அக்குலான் ஏ211 10×50, புரோஸ்டாஃப் பி3 8×42, மோனார்க் எம்5 8×42. மூன்றையும் ஒரே நிறுவனத்திலிருந்து எடுத்தது வேண்டுமென்றுதான். பெயருக்குக் கொடுக்கிற காசு எது, கண்ணாடிக்குக் கொடுக்கிற காசு எது என்ற சண்டை இதில் வராது. விலையில் அக்குலானும் பி3-யும் ஏறக்குறைய அடுத்தடுத்த படி. எம்5-க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட எடுத்து வைக்க வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 8×42-க்கு 5.25 வரும், 10×50-க்கு 5, 10×42-க்கு 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நல்ல பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதனால் நடுப்பகலில் எல்லாமே ஒரே பிரகாசம்தான். விடியற்காலையில்தான் வித்தியாசம். இருட்டு பிரிந்தும் பிரியாத நேரத்தில், நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி வெறும் கருப்பு உருவமாகத் தெரிகிறதா, நீலமாகத் தெரிகிறதா என்பதை அந்த ஐந்து மி.மீ. தீர்மானிக்கும். பகலிலும் அகலமான கற்றைக்கு ஒரு பயன் உண்டு. கண்ணை மிகச் சரியான இடத்தில் வைக்காவிட்டாலும் படம் மறையாது. பறக்கிற மீசை ஆலாவைத் துரத்திக்கொண்டு கையைத் திருப்புகிறபோது இதன் அருமை தெரியும்.

கை நடுக்கம் இன்னொன்று. அக்குலான் 10×50 ஏறக்குறைய 900 கிராம் கனம். முதல் கால்மணி நேரம் ஒன்றும் தோன்றாது. பிறகு முழங்கையை வயிற்றில் ஊன்றிக்கொள்ளத் தோன்றும், அப்புறம் கலுங்குச் சுவரைத் தேடத் தோன்றும். எம்5 630 கிராம், பி3 அதைவிடவும் லேசு. எட்டு மடங்கில் கையில் பிடித்துப் பார்க்கும்போது கண்ணில் படுகிற நுணுக்கம், பத்து மடங்கில் நடுங்கிக்கொண்டு பார்ப்பதைவிட அதிகம் என்பதே என் அனுபவம். எண்பது மீட்டர் தள்ளி நிற்கிற உள்ளானை எட்டு மடங்கு பத்து மீட்டருக்குக் கொண்டுவருகிறது. பத்து மடங்கு எட்டு மீட்டருக்குக் கொண்டுவருகிறது. அந்த இரண்டு மீட்டருக்காக இத்தனை பாடு தேவையில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுலதான் தம்பி பெருசாத் தெரியுது" என்று அக்குலானைக் கையை விட்டுக் கொடுக்கவில்லை. பத்து மடங்கு அல்லவா, அவர் சொன்னதும் நியாயம்தான். தவிர, அது போரோ வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பு, குழாய் வளைந்து தோள் அகன்று இருக்குமே, அது. இரண்டு முன்லென்ஸ்களும் தள்ளித் தள்ளி இருப்பதால் காட்சிக்கு ஆழம் கிடைக்கிறது. முன்னால் தாமரை இலை, அதற்குப் பின்னால் முக்குளிப்பான், அதற்கும் பின்னால் கருவேல மரம் என்று அடுக்கு அடுக்காகப் பிரிந்து தெரியும். குறைந்த விலையில் தெளிவும் அதிகம். நேர்க்குழாயாகக் கைக்கு அடக்கமாக வருகிற ரூஃப் வகையில் ஒளி ஒரு விளிம்பில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிறது. சேரும்போது சற்றே பிசகி, காட்சியின் கூர்மை குறையும். இதற்கு மருந்தாக ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சை ஸைஸ் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த பிறகுதான் ரூஃப் வகை போரோவோடு மல்லுக்கு நிற்க முடிந்தது. எம்5-இல் அந்தப் பூச்சு இருக்கிறது. கொடுக்கிற கூடுதல் காசில் ஒரு பங்கு அதற்குத்தான்.

பூச்சு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படிப் பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடுகிறது. எதிரொளி தடுக்கும் பூச்சை 1935-இல் கண்டுபிடித்தவர் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா. நல்ல பைனாகுலரின் முன்லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் மங்கலான பச்சையோ ஊதாவோ தெரியும். பளபளவென்று மாணிக்கச் சிவப்பாக ஜொலிக்கிறதா? கீழே வைத்துவிடுங்கள். திருவிழாக் கடையிலும் இணையத்திலும் "100 எக்ஸ்" என்று விற்கிறவையும் அப்படியே.

நார்த்தாமலைக்கு வந்தால் ஆட்டம் மாறிவிடுகிறது. விஜயாலய சோழீச்சரத்துக்கு ஏறுகிற பாறைச் சரிவிலும் சுற்றியுள்ள புதர்க்காட்டிலும் பறவைகள் தூரத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கின்றன. திடீரென்று எழும்பித் திடீரென்று அமர்கின்றன. இங்கே தேவை அகன்ற பார்வைப் பரப்பும் கிட்டத்தில் குவியும் திறனும். ஆயிரம் மீட்டர் தொலைவில் பி3 126 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது, எம்5 112 மீட்டர்தான். விலை கூடியது குறுகலாகக் காட்டுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. புதரில் தாவும் சிலம்பனைத் தேடும்போது பி3-இல் சட்டென்று அகப்பட்டது, எம்5-இல் ஒருகணம் துழாவ வேண்டியிருந்தது. அடுத்த படியான மோனார்க் எம்7 8×42 145 மீட்டர் காட்டும். காசு இருக்கிறவர்கள் நேரே அதற்குப் போய்விடலாம்.

கிட்டக் குவிவதில் எம்5 பழி தீர்த்துக்கொண்டது. இரண்டரை மீட்டரில் இருக்கும் தட்டானின் இறக்கை நரம்பு வரைக்கும் எண்ணலாம். அக்குலான் 10×50-க்கு ஏழு மீட்டர் வேண்டும். வண்ணத்துப்பூச்சி பார்க்கிறவர்கள் பின்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நிறத்துக்கு நான் வைக்கிற சோதனை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான். வெளுத்த வானத்துக்கு எதிரே கன்னங்கரேல் என்ற பறவை. சாதாரணக் கண்ணாடியில் அதன் விளிம்பைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக மெல்லிய கோடு ஓடும். அக்குலானில் நன்றாகவே ஓடுகிறது, பி3-இல் ஓரங்களில் தெரிகிறது. எம்5-இல் நிறங்களை அதிகம் சிதறவிடாத ஈடி கண்ணாடி இருப்பதால் நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறது. விராலிமலை மயிலுக்கு இதெல்லாம் வேண்டாம், அது படிக்கட்டிலேயே வந்து நிற்கும். ஆனால் வல்லூறையும் அதன் சாயல் கொண்ட மற்ற வேட்டைப் பறவைகளையும் வானத்தில் வைத்துப் பிரிக்க இந்தச் சுத்தம் உதவும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் முழுப் படமும் தெரியும் என்று ஓர் அளவு குறிப்பேட்டில் இருக்கும், ஐ ரிலீஃப் என்பார்கள். 15 மி.மீ.-க்குக் குறைந்தால் நமக்குக் கிணற்றுக்குள் எட்டிப்பார்த்த கதை. அக்குலான் 10×50-இல் 12-க்கும் சற்றுக் குறைவு, எம்5-இல் 19.5, பி3-இல் 20. கண்ணாடி போடுகிற எனக்கு அக்குலான் இந்த ஓரிடத்திலேயே தோற்றுவிட்டது. ஆட்டுக்காரப் பெரியவர் கண்ணாடி போடவில்லை.

கடற்கரையில் பத்து மடங்குக்காரர்களின் வாதத்துக்கு உயிர் வருகிறது. மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்றுவெளியில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் தள்ளியே நிற்கும், நாம் நெருங்க முடியாது. அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் வைத்துத்தான் அவற்றைப் பிரிக்க வேண்டும், அங்கே எட்டு மடங்கு பற்றவில்லை. ஆனால் பத்தும் பற்றவில்லை என்பதுதான் உண்மை. இருபது மடங்குக்கு மேல் பெருக்குகிற ஸ்பாட்டிங் ஸ்கோப்பை முக்காலியில் நிறுத்திப் பார்க்கிற வேலை அது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்ததிலிருந்து, கரையில் நின்று கடற்பசு பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு எந்த பைனாகுலரும் கிடையாது. கடலுக்கடியில் புல் மேய்கிற பிராணி அது, மூச்சுக்கு மட்டும்தான் மேலே வரும். கடல் என்றதும் சிலருக்கு நினைவு வருகிற, கப்பல்களில் வைத்திருக்கும் 7×50 ஆடுகிற தளத்துக்கென்று செய்தது. அது தரும் ஏழு மி.மீ. கற்றை முழுவதையும் வாங்கிக்கொள்ள இளவயதுக் கண்ணும் இருட்டும் வேண்டும்.

உப்புக்காற்றும் ஈரமும் கண்ணாடிக்கு எமன். நைட்ரஜன் நிரப்பி மூடிய பி3, எம்5 இரண்டும் தாங்கும். அக்குலானுக்கு நீர்க்காப்பு இல்லை. ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு எடுத்துப் போனால் உள்ளேயே பனி படியும், படிந்தது காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் தோல் உறையை விட்டு வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், முதலில் ஊதித் தூசியை எடுத்துவிடுங்கள்.

மேலே இன்னும் படிகள் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி என்எல் ப்யூர் லட்சங்களில் விற்கிறது. அதே நிறுவனம் 2024-இல் ஏஎக்ஸ் விசியோ என்று ஒன்றை இறக்கியது, பறவையைப் பார்த்தால் அதன் பெயரைக் கண்ணுக்குள்ளேயே எழுதிக் காட்டும். பெயரைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தையும் காசு கொடுத்து விற்றுவிட எனக்கு மனமில்லை.

ஆக, கண்ணாடி போடாதவர், கடற்கரைக்குப் போகாதவர், பட்ஜெட் குறைவு என்றால் போரோ வகை எடுக்கலாம். அதிலும் 10×50 வேண்டாம், அதே அக்குலானின் 8×42 போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கும், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு முதல்முறையாகக் கிளம்புகிறவர்களுக்கும் பி3. பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்பவர் எம்5 வாங்கட்டும், குறுகிய பார்வைக்குப் பழகிக்கொள்ளலாம். ஜூம் வைத்த மாடல்கள் எதுவும் வேண்டாம். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட இருட்டும் குறுகலும்தான் மிச்சம்.

இணையத்தில் வாங்குவதைவிட திருச்சியிலோ மதுரையிலோ கடையில் வாங்குவது நல்லது. விளக்கு வெளிச்சத்தில் எல்லா பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். தெருவுக்கு வந்து எதிர்ச்சாரி பெயர்ப்பலகையின் எழுத்து ஓரத்தில் வண்ணக்கோடு தெரிகிறதா, இரண்டு கண்ணுக்கும் ஒரே வட்டமாகச் சேர்கிறதா, ஐந்து நிமிடம் பார்த்தபின் கண் வலிக்கிறதா என்று பாருங்கள். வெளியே எடுத்துப் போக விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.