முதல் திர்ஹம்

மீலாது மேடைகளிலும் நம் இதழ்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் யாசித்து வந்த அன்சாரி ஒருவர், கோடரி பெற்று, விறகு விற்று நிமிர்ந்தார் என்பது அது. அனஸ் (ரலி) வாயிலாக இமாம் அபூதாவூது பதிவு செய்தது. அறிவிப்பாளர் தொடரில் வலுக்குறைவு கண்ட வல்லாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. சொல்லப்படும் முறையைப் பற்றியதே நம் குறை.

மூலத்தில் உள்ளதென்ன? அவர் வீட்டிலிருந்தவை பாதி உடுத்திப் பாதி விரிக்கும் முரட்டுத் துணியொன்றும், நீர் பருகும் கிண்ணமும். ('ஹில்ஸ்' என்பதைப் 'போர்வை' எனப் பெயர்த்துவிடுவோர் உளர். ஒட்டகச் சேணத்தின் கீழிடும் தடித்த துணிக்கும் வழங்கும் சொல் அது. வறுமையின் அளவே அச்சொல்லில்தான் இருக்கிறது.) நாயகம் (ஸல்) அவர்களே அவற்றை ஏலங்கூறி, 2 திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்றுக்கு உணவு வாங்கி வீட்டாருக்குக் கொடுக்கவும், மற்றதற்குக் கோடரி வாங்கி வரவும் பணித்தார்கள். காம்பைத் தம் கையாலேயே பொருத்தினார்கள். 15 நாள் தவணையும் குறித்தார்கள்.

மேடையில் நாம் கேட்பதோ கோடரியும் வியர்வையும் மட்டுமே. முதல் திர்ஹம் காணாமற் போய்விடுகிறது.

இது வெறும் சுவைக்குறையன்று. இவ்வண்ணம் கதை கேட்டு வளர்ந்த செல்வர்தாம் கைம்பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஓரூரில் நாமே துஆ ஓதி வழங்கிய இயந்திரம் மூன்றாம் மாதம் அரிசிக்காக விலைபோயிற்று. அதில் நூல் கோக்கவும் எவரும் அருகமர்ந்து காட்டியதில்லை. அப்பெண்ணைக் குறைகூறியோருள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை எண்ணுக. கோடையில் ஏறும் விலை, வரத்து மிகுந்தால் சரிந்துவிடும். 4 மாதம் 10 நாள் இத்தா முடித்து வெளிவரும் ஒருத்தி, மலிந்த காலத்தில் காய் வாங்கி ஊறுகாய் போட முனைந்தால், முதல் முழுதும் உப்பில் ஊறிக் கிடக்கும். அதுவரை அடுப்பெரிவது எவ்வாறு?

ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி, 'அல்மஜ்மூஃ' நூலில், ஸகாத்திலிருந்து தொழிலாளிக்குக் கருவி விலையும், வணிகருக்கு அவரவர் வணிகத்துக்கேற்ற முதலும் தரலாம் என்பார். கீரை, காய்கறி விற்போருக்கு 5 அல்லது 10 திர்ஹம் என்று அளவும் காட்டுவார். நம் மாவட்டங்களில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் திரட்டிய நன்கொடைக்கு அரசின் இணை மானியம் பெறுவன. பணமில்லை என்று சொல்வதற்கில்லை.

அந்த அன்சாரி 10 திர்ஹம் ஈட்டித் திரும்பினார். அவற்றிற் சிலவற்றுக்கு உடையும் சிலவற்றுக்கு உணவும் வாங்கினார். அதையும் எந்த மேடையிலும் நாம் கேட்டிலோம்.