வேனில் வழியும் கோவலன் மனமும்

சிலப்பதிகாரத்தைப் பயில்வோருள் சிலர், காடுகாண் காதையைக் கதையோட்டத்திற்குத் தடை என்பர். மாங்காட்டு மறையோன் கூறும் மூன்று வழிகளின் விரிவுரை நெடியது என்பதும் அவர் குறை. அக்குறை முற்றும் பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

புகாரிலிருந்து மதுரை இன்றைய சாலைக் கணக்கில் 250 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. செல்வக் குடியிற் பிறந்த இருவர், ஏவலரும் ஊர்தியும் இன்றி, பொழுது புலருமுன் வீட்டை விட்டு வெளியேறுகின்றனர். கவுந்தியடிகள் வழித்துணை ஆகின்றார். சிறிது தொலைவு நடந்ததுமே மதுரை எங்குள்ளது என்று கண்ணகி வினவுகின்றாள். வழியின் நீளம் அறியாத அடிகள் அவை.

மறையோன் உரையின் பயன் அதன் இறுதியில் விளங்கும். இடை வழியில் மயக்கும் வனதெய்வம் ஒன்று உண்டென அவன் எச்சரிக்கின்றான். பின்னர்க் கோவலன் நீர் தேடிப் பொய்கைக்குச் செல்ல, அத்தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலை வடிவில் தோன்றுகின்றது. மறையோன் சொல் நினைவிற்கு வரவே, மந்திரத்தால் அம்மாயத்தைத் தெளிந்து, தாமரை இலையில் நீர் முகந்து கண்ணகியின் தளர்ச்சியைத் தீர்க்கின்றான். பழைய மயக்கம் ஒருபுறம், தாகமுற்ற மனைவி ஒருபுறம். இரண்டினுள் அவன் எதனைத் தேர்ந்தான் என்பதைக் காட்டவே அவ்விரிவுரை அமைந்தது. அதனை நீக்கின் இத்தேர்வின் அருமை புலப்படாது.

அடுத்து வேட்டுவ வரியில் கண்ணகியின் அடிகள் நொந்தமை கூறப்படுகின்றது. புறஞ்சேரியிறுத்த காதையிலோ, கடுங்கதிரை இவள் பொறாள் என்று கவுந்தியிடம் முறையிட்டு, இரவில் நடக்க இசைவு பெறுபவன் கோவலனே. நிலவொளியில் கண்ணகியின் கையைத் தன் தோளில் தாங்கி, விலங்கொலிக்கு அஞ்சற்க எனத் தேற்றி நடக்கின்றான். மாதவி மனையிலிருந்து மீண்ட நாளினும் இந்நாளிலேயே அவன் கணவனாகின்றான் என்பது மிகையன்று.

இதற்குச் சான்று கொலைக்களக் காதை. இம்மெல்லடிகள் கல் நிறைந்த வழியைக் கடக்க வல்லனவோ என அங்கு அவன் இரங்குகின்றான். முந்திய காதைகளின் வெம்மையை உணராதார்க்கு இவ்விரக்கம் வெறும் சொல்லே. கண்ணகியோ, அவன் போற்றா ஒழுக்கத்தை மறைக்காமல் சுட்டி, எழுக என்றமையால் எழுந்தேன் என விடை தருகின்றாள். நடந்து தீர்த்த வழியே அவ்விடைக்கு வலிமை தருகின்றது.

சிங்கப்பூர்த் தேக்காவில் இக்காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில் பிறந்த மாணவர்க்குப் பாலையை எவ்வாறு காட்டுவது? விடையை இளங்கோவடிகளே தந்துள்ளார். பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை. எனவே மணற்பரப்பின் படத்தைக் காட்டத் தேவையில்லை. 2011-இல் தொடர்வண்டி நின்றபின் நடைபாதையாகிய 24 கிலோமீட்டர் பழைய இருப்புப்பாதையில் ஒரு சிறு பகுதியை மாணவர் நண்பகலுக்கு முன் நடந்து பார்க்கலாம். ஈரக் காற்றில் வியர்வை உலராது உடல் சோரும். நிழலும் நீரும் பொருளாகும். உடன் நடப்பவரின் சோர்வு கண்ணிற் படும். அவ்வெம்மை வேறு, இவ்வெம்மை வேறு. எனினும் பிறர் அடிநோவைத் தன்னோவாக எண்ணும் பாடம் இரண்டிற்கும் ஒன்றே.

காடுகாண் காதையைச் சுருக்கிவிட்டு வழக்குரை காதைக்கு விரைந்து செல்லும் வகுப்பு, கண்ணகியின் சினத்தைக் காட்டும். அவள் இழந்தது எத்தகைய கணவனை என்பதைக் காட்டாது.