கூலிக் கணக்கும் கற்புக் கணக்கும்

பொருள் தேடிக் கடல் கடக்குங்கால் ஆடவன் பெண்ணை உடன் கொண்டு செல்வதில்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் மரபு. உரையாசிரியருள் அந்நூற்பாவுக்கு வேறு பொருள் கண்டாரும் உளர். எனினும், பொருள் ஈட்டல் ஆடவன் தொழில், இல்லில் காத்திருத்தல் பெண்ணின் கடன் என்னும் பகுப்பு நம் அகப்பாடல்கள் நெடுகிலும் காணப்படுவதே.

அம்மரபைப் பசி மாற்றிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக் கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவருள் பெண்டிரும் பலர். சுங்கைப்பட்டாணி, பீடோங், மெர்போக் வட்டாரங்களில் அவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரை பிடித்து மரம் சீவினர். கடலைக் கடந்தபோது கைவிடப்பட்ட மரபு, கூலிப் புத்தகத்தில் வந்து மீண்டும் அமர்ந்துகொண்டது.

1928ஆம் ஆண்டையொட்டி மலாயாவில் வகுக்கப்பட்ட நிர்ணயக் கூலியின்படி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்டிர்க்கு 40 காசு. 1930இல் இரப்பர் விலை சரிந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. விலை வீழ்ந்தது, கூலியும் வீழ்ந்தது. ஐந்துக்கு நான்கு என்னும் விகிதம் மட்டும் அசையவில்லை.

இக்குறைவுக்குக் காரணம் யாது? பால்மரம் ஆண் கை, பெண் கை என்று வேறுபாடு அறியாது. பெண்டிர் வீட்டு வேலையின் பொருட்டு முன்னதாகவே லயத்துக்குத் திரும்புவர் என்று கூறுவாரும் உண்டு. அவ்வீட்டு வேலை யார் பொருட்டு? மறுநாட் காலையில் ஆடவனைப் பெரட்டுக்கு அனுப்பும் பொருட்டன்றோ! உண்மையில் அக்கூலியின் அடியில் கிடந்தது ஓர் எண்ணம்: ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் ஆண் உண்டு, அவன் சோறு போடுவான், அவள் கூலி மேல்வரவு. கைம்பெண்ணும், கைவிடப்பட்டவளும், மணம் வேண்டாதவளும், ஆணின்பால் நெஞ்சம் செல்லாதவளும் அந்தக் கணக்கில் இல்லை. ஒத்த அன்பின் வரம்புக்கு வெளியே நின்ற கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் நம் இலக்கணம் பெயராவது தந்தது. கூலிப் புத்தகம் அவ்வளவும் தரவில்லை.

இக்கணக்கை இலக்கியம் எவ்வாறு நோக்கிற்று என்பதைப் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கொண்டு ஆராயலாம். 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த இச்சிறுகதையின் அம்மாளு ஆலைத் தொழிலாளி. குதிரை வண்டி ஓட்டும் கணவன் விபத்திற்பட்டுப் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறான்; பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை, ஆலையில் கூலி போடும் நாள் இன்னும் வரவில்லை. அவள் ஒருவனுடன் இருட்டிற்குள் போய் முக்கால் ரூபாயுடன் மீள்கிறாள். கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நேர்முகமாய் இடித்துரைத்துக் கதை முடிகிறது.

அம்மாளு கற்பிழந்தாளா என்று வினவுவோர் கதையைத் தலைகீழாய்ப் படிப்போரே. கூலி நாள் இரண்டு நாள் முந்தியிருந்தால் இக்கதையே இல்லை. ஒழுக்கக் கேள்வி என்று நாம் கருதியதைக் கூலிக் கேள்வி என்று காட்டியதே ஆசிரியரின் வெற்றி.

ஆயினும் கதையில் ஒரு குறையும் உண்டு. அம்மாளுவின்பால் நம் இரக்கத்தைப் பெறுவதற்கு ஆசிரியர் அவளைக் கணவனுக்காகவே அனுப்புகிறார். தன் பசிக்காக அவள் சென்றிருந்தால் வாசகர் நெஞ்சு அவ்வளவு இளகியிருக்குமா? கற்பைப் பழிக்கும் கதையும் பதிபக்தியின் தோள்மீது கைவைத்தே நிற்கிறது. பெண்ணின் மதிப்பை ஆண்வழியாக அளக்கும் கோலை, தோட்டத்துக் கிராணியைப் போலவே கதாசிரியரும் கையில் எடுத்துவிட்டார். அடுத்த ஆண்டில் எழுதிய ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியைத் தோட்டத்து அதிகாரத்தோடு சேர்த்துக் காட்டியபோது, அவர் பார்வை மேலும் விரிந்தது எனலாம்.

அக்கோலையே முறிக்க முயன்றவர் பெரியார். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தமிழரிடையே பேசியவர் அவர். நூலாக வெளிவந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்பதில், கற்பு என்னும் சொல் பெண்ணுக்கு மட்டுமே விதியாக்கப்பட்டதை அவர் கண்டித்தார். அந்நூலைக் குணவிளக்கமாக மட்டும் படித்தல் போதாது. சொத்தும் வருவாயும் யார் கையில் என்னும் வினாவே அதன் உயிர்நிலை.

சட்டம் பின்னர் பலவற்றைத் திருத்தியது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பலதார மணத்தைத் தடுத்துப் பதிவைக் கட்டாயமாக்கிற்று. 2013இல் வந்த குறைந்தபட்ச ஊதியத்தில் ஆண், பெண் என்ற இரு பத்திகள் இல்லை. 2019இல் மதுரையில் சென்னை உயர்நீதிமன்றக் கிளை, இந்து மணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. வாயில் அகன்றது, நன்றே. ஆயினும் அவ்வாயிலுக்குள் நுழைந்தோர்க்கே பல உரிமைகள் என்னும் நிலை மாறவில்லை. 2023 முதல் மலேசியாவில் தாய்க்கு 98 நாள் மகப்பேற்று விடுப்பு. தந்தைக்கு 7 நாள், அதுவும் மணமானவர்க்கே. பேறு தாய்க்கே உரியது என்பது மெய். வளர்ப்பும் அவளுக்கே உரியதோ?

ஆகவே பழைய கதைகளைப் படிப்போர் இனி இரு கணக்குகளையும் ஒருசேரப் பார்த்தல் வேண்டும். கற்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்பட்டிருக்குமாயின், கூலியைப் பற்றிய பக்கம் எங்கே என்று தேடுதல் வேண்டும். ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் மறைந்த அந்தப் பத்துக் காசில்தான் அம்மாளுவின் கதையும், கதையாக எழுதப்படாத எத்தனையோ தோட்டத்துப் பெண்களின் வாழ்வும் அடங்கிக் கிடக்கின்றன.