குளம்பொலியில் பிறந்த யாப்பு

மரபு அறியாதவரே புதுமை செய்யப் புகுவர் என்று ஒரு சாரார் கூறுவர். மரபில் ஊறியவரால் புதுமை செய்ய இயலாது என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றையும் ஒருசேரப் பொய்யாக்கும் கவிதையொன்று அரபு மொழியில் உண்டு. ஈராக் நாட்டுக் கவிஞர் நாஸிக் அல்மலாயிகா (1923–2007) அம்மையார் 1947-இல் இயற்றிய ‘அல்கூலிரா’ என்பதே அது. வாந்திபேதி என்பது அதன் பொருள்.

அவ்வாண்டு எகிப்தில் பரவிய அந்நோய் பல்லாயிரவரை மாய்த்தது. நாளும் ஏறிவந்த சாவுக் கணக்கைப் பக்தாதில் கேட்டிருந்த நாஸிக், பழைய யாப்பில் ஒரு கஸீதா இயற்றினார், மனம் நிறையவில்லை. வேறொன்று இயற்றினார், அதுவும் தம் துயரைச் சொல்லவில்லை என்று ஒதுக்கினார். மூன்றாவதாகப் பிறந்ததே இக்கவிதை. ஒரு மணி நேரத்துக்குள் அது முடிந்ததென்று அவரே எழுதியுள்ளார்.

தந்தையார் அரபு இலக்கணம் கற்பித்த ஆசிரியர், தாயாரும் கவிஞர். இருவருமே மகளின் புதிய கவிதையை ஏற்கவில்லை. இஃது அரபுக் கவிதையின் போக்கையே மாற்றப்போகிறது என்று மகள் மறுமொழி கூறினாராம். இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் செருக்கு என்று இதனைத் தள்ளிவிடலாகாது. தாம் இயற்றிய இரண்டு கவிதைகளைத் தாமே தள்ளிவிட்டு வந்தவர் அவர்.

அவர் செய்ததுதான் என்ன? அரபுப் பைத்து, சீரளவு ஒத்த இரு பாதிகளைக் கொண்டது. கஸீதா முழுவதும் ஒரே இயைபு ஓடும். அந்தலூசியாவின் முவஷ்ஷஹ் போன்ற சிலவற்றை நீக்கினால், ஆயிரத்தாண்டுகளுக்கு மேலாக அதுவே நெறி. நாஸிக் சீரை விடவில்லை. சீர்களின் எண்ணிக்கையை மட்டுமே கட்டவிழ்த்தார். முதலடியில் இரண்டு சீர், அடுத்ததில் நான்கு, மூன்றாவதில் ஆறு. இரவின் அமைதியில் தொடங்கி, ஓலம் எழுந்து பரவப் பரவ அடியும் நீள்கிறது. இணைக்குறள் ஆசிரியப்பா கண்ட தமிழர்க்கு இது வியப்பன்று. (நம் யாப்பு எத்துணை தாராளமானது என்பதை நாமே மறந்துவிடுகிறோம்.) அரபு அறிஞர்க்கோ அது பெருங் கலகமாகவே தோன்றிற்று.

அவர் ஆண்ட பஹ்ரும் கருதத்தக்கது. அரூள் கலையை வகுத்த கலீல் இப்னு அஹ்மத் 15 பஹ்ருகளையே வரையறுத்தார். பதினாறாவதான முத்ததாரிக், பின்வந்த அக்பஷ் சேர்த்தது என்பர். ஆசான் விட்டுச் சென்ற அந்த ஓசையில்தான் ‘அல்கூலிரா’ நடக்கிறது. எகிப்தின் சிற்றூர்களில் பிணவண்டிகளை இழுத்துச் சென்ற குதிரைகளின் குளம்பொலியையே அதில் தர முயன்றதாக நாஸிக் எழுதுகிறார். பஸ்ராவின் கடைத்தெருவில் செம்பு தட்டுவோரின் சம்மட்டி ஒலி கேட்டு யாப்பிலக்கணம் கண்டவர் கலீல் என்பது செவிவழிச் செய்தி. அச்செய்தி மெய்யானால், கலீலின் வாய்பாட்டை உருப்போட்ட பல்லாயிரவரைக் காட்டிலும் அவ்வாய்பாட்டை நெகிழ்த்த இவரே கலீலுக்கு நெருங்கிய மாணாக்கர். இருவரும் முதலில் காது கொடுத்தவர்கள்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. 1962-இல் தற்காலக் கவிதை பற்றி வெளியிட்ட திறனாய்வு நூலில் நாஸிக் தாமே வேலி கட்டத் தலைப்பட்டார். ஐந்து சீரடியும் ஒன்பது சீரடியும் அரபுச் செவிக்கு ஒவ்வா என்றார்; சீரே இல்லாத உரைநடைக்குக் கவிதையென்று பெயரிடுதல் தகாது என்றார். பின்னதில் நியாயம் உண்டு. யாப்பு கற்கச் சோம்பியவர்கள் அவர் பெயரைச் சொல்லித் தப்ப முயன்றதை அவர் கண்டிருந்தார். முன்னதை ஏற்பதற்கில்லை. 1947-இல் பெற்றோரின் செவிக்கு ஒவ்வாததைத் தம் செவியின் சான்று கொண்டு நிலைநாட்டியவர், ஐந்தாம் சீரைக் கேட்கும் செவி பிறர்க்கு இருத்தல் கூடாதென்று எவ்வாறு விதிப்பது? பிற்காலக் கவிஞர் பலர் அவ்வேலியைப் பொருட்படுத்தாமலே சென்றனர்.

தமக்கு முன்பே சிலர் இவ்வகையில் முயன்றதை அந்நூலின் பிந்திய பதிப்பில் அவர் ஒப்புக்கொண்டார். அதனால் கவிதையின் மதிப்புக் குறையவில்லை. அரபு ஓதத் தெரிந்த நம் பிள்ளைகள் இதனை ஒருமுறை வாய்விட்டு ஓதிப் பார்க்க வேண்டும். பொருள் முழுதும் விளங்காதவர்க்கும் வண்டி வருவது கேட்கும்.