செயற்கைப் பேச்சும் இருமொழிக் கல்வியும்: ஒலிப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

இருமொழிக் கல்வியில் கணிப்பொறியின் செயற்கைப் பேச்சைப் பயன்படுத்துவது குறித்து எழுதுவோர் பெரும்பாலும் குரலின் இயல்புத்தன்மையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கேட்போர் சிலர் 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்க, அவற்றின் சராசரியைக் காண்பதே இத்துறையில் பெருவழக்கான முறை. தொலைபேசிவழி வரும் பேச்சின் தரத்தை அளக்கப் பயன்பட்டு வந்த இம்முறை வகுப்பறைக்குப் போதுமானதா என்பது ஆராயத்தக்கது. தொலைபேசியில் பேசுவோர் தாம் அறிந்த மொழியைக் கேட்கின்றனர். மாணவனோ அறியாத சொல்லை முதன்முறையாகக் கேட்கிறான். அச்சொல் திருத்தமாக ஒலிக்கப்பட்டதா என்று முடிவு செய்ய அவனிடம் எந்த ஆதாரமும் இல்லை.

டென்னிஸ் கிளாட்டின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1984இல் வெளிவந்த டெக்டாக் போன்ற கருவிகளின் குரல், கேட்ட அளவிலேயே இயந்திரக் குரல் என்பதை உணர்த்தியது. பார்வையற்றோர் பலர் பயன்படுத்தும் ஈஸ்பீக் மென்பொருளின் குரலும் அத்தகையதே. அதனை ஒலிப்புக்கு முன்மாதிரியாக யாரும் கொள்வதில்லை. பதிவு செய்த மனிதக் குரலின் துணுக்குகளைத் தேர்ந்து இணைக்கும் முறை 1990களில் பரவியது. 2016இல் வேவ்நெட் அறிவிக்கப்பட்டபின் நரம்புவலை முறையில் அமைந்த குரல்கள் மனிதக் குரலை மிகவும் நெருங்கிவிட்டன. இம்முன்னேற்றத்தின் பயன் பெரிது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. குரல் மனிதத்தன்மை பெறப் பெற, அதன் பிழையும் ஆசிரியர் கூற்றுக்குரிய மதிப்பைப் பெற்றுவிடுகிறது.

தமிழில் இப்பிழை எங்கே நேர்கிறது என்பதை எழுத்துமுறையே காட்டிவிடும். தமிழ் வல்லெழுத்துகள் ஒலிப்பிலா ஒலிக்கும் ஒலிப்புடை ஒலிக்கும் தனித்தனி வடிவம் கொள்வதில்லை. சொல் முதலிலும் இரட்டித்த நிலையிலும் ஒலிப்பிலா ஒலி வரும். மெல்லெழுத்தை அடுத்து ஒலிப்புடை ஒலி வரும். உயிர்களுக்கிடையே ஒலிப்புடை ஒலியோ உரசொலியோ வரும். தமிழ்ச் சொற்களில் இவை இடம் நோக்கி அமையும் மாற்றொலிகளே. ஆதலின் ஒரு சில விதிகளைக் கொண்டே பொறி அவற்றைச் செம்மையாகப் படித்துவிடும். இவ்வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் பொறிக்கு எளிதான மொழி எனலாம்.

கடன்சொல்லில் இவ்விதி முறிகிறது. விளையாடும் ‘பந்து’ ஒலிப்பிலா ஒலியில் தொடங்கும். உறவினரைக் குறிக்கும் ‘பந்து’ ஒலிப்புடை ஒலியில் தொடங்கும். இரக்கத்தைக் குறிக்கும் ‘பாவம்’, நடனத்தில் வரும் ‘பாவம்’ ஆகியவற்றின் நிலையும் இதுவே. இவற்றைச் சூழல் நோக்கி ஓரளவு பிரித்தறியலாம். அறிவியல் பாடத்தில் சிக்கல் மேலும் கடுமையாகிறது. தனிமங்கள், அவற்றின் ஓரிடத்தான்கள் ஆகியவற்றின் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். கால்சியம், காலியம் இரண்டும் ககர வரிசையில் தொடங்குகின்றன. முன்னதன் முதலொலி ஒலிப்பிலாதது, பின்னதன் முதலொலி ஒலிப்புடையது. பொட்டாசியம், பேரியம் என்பனவும், டைட்டேனியம், டியூட்டீரியம் என்பனவும் இவ்வாறே வேறுபடுகின்றன. தமிழ்ச் சொற்கள் டகரத்தில் தொடங்காமையால், இறுதி இணைக்கு மரபான விதி எதுவும் துணைசெய்யாது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அறிவியலுக்கும் கணிதத்திற்கும் தரமான இருமொழிப் பாடநூல்கள் வேண்டும் என்கிறது. அத்தகைய நூலைப் பொறி படிப்பதாகக் கொள்வோம். ஆங்கிலப் பக்கத்தில் பேரியத்தின் முதலொலி ஒலிப்புடையதாகவும், எதிர்ப்பக்கத் தமிழில் ‘பேரியல்’ என்பதன் முதலொலி போன்றும் கேட்டால், மாணவன் அவற்றை இரு வேறு பொருள்களின் பெயர்களாகக் கருத இடமுண்டு. இரு மொழிகளையும் இணைக்க வேண்டிய சொல்லே அவற்றைப் பிரித்துவிடுகிறது. குரல் எத்துணை இயல்பாக இருப்பினும் இக்குறை நீங்காது. சராசரி மதிப்பெண்ணும் இதனைக் காட்டாது. ஒரு பாடத்தில் பத்துச் சொற்கள் பிழைபட்டாலும் ஏனைய நூற்றுக்கணக்கான சொற்களின் இனிமையில் அப்பிழை மறைந்துபோகும்.

இது தமிழுக்கே உரிய குறை என்று கருதுவது பொருந்தாது. இந்தியில் ‘நமகீன்’ என எழுதப்படுவது ‘நம்கீன்’ என ஒலிக்கப்படுகிறது. நடுவிலுள்ள அகரம் எங்கே கெடும், எங்கே நிற்கும் என்பதை நாகரி எழுத்து காட்டுவதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பிற நிறுவனங்களும் இணைந்து 13 இந்திய மொழிகளுக்குச் செயற்கைப் பேச்சு அமைத்தபோது ஒலிக்குறியீடுகளைப் பொதுவாக்க முயன்றது பாராட்டத்தக்கது. ஆயினும் ஒவ்வோர் எழுத்துமுறையும் மறைத்து வைப்பது வேறு வேறாகையால் பொதுக்குறியீட்டின்மேல் தனி விதிகளும் தேவைப்படுகின்றன.

தாய்மொழிவழிக் கற்றல் என்ற வாதத்திலும் ஓர் இடைவெளி உள்ளது. பொறி படிப்பது எழுத்து வழக்கை. குழந்தை வீட்டில் பேசுவது பேச்சு வழக்கை. ‘வந்தார்கள்’ என்று படித்துவிட்டு ‘வந்தாங்க’ என்று விளக்கும் ஆசிரியரின் பணியைப் பொறி செய்வதில்லை. எண்களிலும் இத்தகைய இடர் உண்டு. ‘1996இல்’ என்பதைப் படிக்கையில் ‘ஆறு இல்’ எனப் பிரித்து ஒலித்தால் அது தமிழாகாது. ‘ஆறில்’ என்று வேற்றுமை ஏற்றே வரவேண்டும்.

இவற்றுக்குத் தீர்வாகத் தமிழ் எழுத்தில் புதிய குறிகளைச் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். அது தேவையற்றது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2004இல் ஏற்றுக்கொண்ட பேச்சுக் குறிமொழி, ஒரு சொல்லின் ஒலிப்பையும் அது எம்மொழிக்குரியது என்பதையும் அச்சில் தோன்றாதவாறு குறிக்க இடமளிக்கிறது. ஒலிப்பகராதி அமைப்பதற்கான தரம் 2008இல் வெளிவந்தது. கருவி உள்ளது, இல்லாதது அதில் இடவேண்டிய அகராதியே. கலைச்சொல் பட்டியல் தொகுப்போர் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் என்ற இரு நிரல்களுடன் நின்றுவிடுகின்றனர். ஒலிபெயர்த்த சொல் ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பைக் காட்டும் மூன்றாம் நிரல் ஒன்றைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரால் இயலும் பணி. பொறியாளர் அதனைத் தாமே ஊகித்துச் செய்ய இயலாது.

பார்வையற்ற மாணவருக்கு இப்பணி மேலும் இன்றியமையாதது. அவருக்குச் செயற்கைப் பேச்சு பாடநூலின் துணையன்று. பல வேளைகளில் அதுவே பாடநூல். ‘கரை’, ‘கறை’ இரண்டும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலும் ஒலியொத்த சொற்கள் பல. கேட்டு மட்டுமே கற்பவர் இரு மொழிகளின் எழுத்துக்கோவையையும் அறிய வழியில்லை. பிரெய்ல் பயிற்சியைக் குறைத்துச் செயற்கைப் பேச்சை அதன் இடத்தில் வைக்கும் போக்கு இக்காரணத்தால் ஏற்கத்தக்கதன்று. எழுத்தெழுத்தாகப் படிக்குமாறு பணிக்கும்போதேனும் பொறி வெறுமனே ‘ர’, ‘ற’ என்று ஒலிக்காமல் ‘இடையின ர’, ‘வல்லின ற’ என்று பெயரிட்டுக் கூறுமாறு அமைத்தல் வேண்டும்.