பதிவேடும் பாட்டும்

முன்னோர் யாவர், எவ்வூரினர், என்ன தொழில் செய்து வாழ்ந்தனர் என்று அறிய விழைவது மக்களின் இயல்பு. அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. செல்வர்க்கு உயிலும் கல்லறை எழுத்தும் உண்டு. உழுதும் நெய்தும் கூலிக்கு உழைத்தும் மறைந்த எளியோர்க்கு எஞ்சுவது பெரும்பாலும் ஏதோ ஓர் ஏட்டில் ஒரு வரியே. அந்த ஒரு வரியிலிருந்து ஒரு வாழ்க்கையை மீட்டெடுக்க இயலுமா? இயலுமாயின், அதில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு? இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற நூல் ஒன்று ஆங்கில இலக்கியத்தில் உண்டு. ஜார்ஜ் கிராப் என்னும் புலவர் 1807ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பங்குப் பதிவேடு’ என்னும் நெடும்பாட்டே அது.

பாட்டின் அருமையை உணர்வதற்கு முன், பதிவேட்டின் இயல்பை உணர்தல் வேண்டும். பங்கு என்பது ஒரு கோயிலையும் அதன் குருவானவரையும் சார்ந்த ஊர்ப்பகுதி. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுதிவைக்குமாறு 1538ஆம் ஆண்டில் ஆணையிட்டார். தொடக்கத்தில் தாளில் எழுதப்பட்டவற்றுள் பல அழிந்துபோயின. ஆகவே, பழைய பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுத்து வைக்கும்படி அந்நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு கட்டளை பிறந்தது. 1753இல் இயற்றப்பெற்ற திருமணச் சட்டம், மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் கையெழுத்திட வேண்டும் என்றது. எழுத அறியாதோர் சிலுவைக்குறி இட்டனர். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது. வறியோர்க்கு விலக்கு உண்டு. 1794இல் அவ்வரி நீக்கப்பட்டது. அதனால் அவ்விடைக்கால ஏடுகள் பலவற்றில் ஒருவர் பெயருக்கு அருகே அவர் வறியர் என்பதைக் காட்டும் ஓர் எழுத்து நிற்கிறது. வரித்தண்டலின் பொருட்டு இட்ட குறியே அவ்வேழையைப் பற்றி எஞ்சிய ஒரே செய்தியாகவும் அமைந்துவிடுகிறது.

குடிமதிப்பு பின்னர் வந்தது. இங்கிலாந்தில் முதற் குடிமதிப்பு 1801இல் எடுக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 89 இலட்சம் மக்கள் உளர் என அது கண்டது. ஆயின் அரசு அன்று வேண்டியது தொகையே, பெயர் அன்று. கடந்த நூறாண்டில் பிறப்பும் இறப்பும் எவ்வாறு பெருகின என அறிவதற்குப் பங்குக் குருமாரிடமே கணக்குக் கேட்கப்பட்டது. அவர்கள் தம் பழைய ஏடுகளைப் புரட்டி எண்ணிச் சொன்னார்கள். வீட்டில் உள்ளோர் அனைவரின் பெயரும் 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்பில்தான் முறையாகக் கேட்கப்பட்டது. அதிலும், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதலாம் என்பது விதி. ஐம்பத்தொன்பது வயதினர் ஏட்டில் ஐம்பத்தைந்து ஆனார். 1851இல்தான் பிறந்த ஊரும், குடும்பத் தலைவர்க்கு ஒவ்வொருவரும் என்ன முறை என்பதும் எழுதப்பட்டன. முன்னோரைத் தேடும் ஆங்கிலேயர் 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் பிறந்த ஊரை அறிந்து, அவ்வூர்ப் பங்கின் பதிவேட்டுக்குச் சென்று, அங்கிருந்து தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி ஏறுவது இதனாலேயாம்.

இவ்வாறு ஏறுவோர்க்குக் கிடைப்பன பெயரும் நாளுமே. திருமுழுக்கு நாள் பிறந்த நாள் அன்று. அடக்க நாள் இறந்த நாள் அன்று. பிற சபையினர் பலர் இவ்வேடுகளில் இடம் பெறுவதில்லை. பெயர்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தை எதனால் நிரப்புவது? பெருமையால் நிரப்புவோரே பலர். நிலமிழந்த பிரபு ஒருவரோ, மறைந்துபோன செல்வர் ஒருவரோ தம் குலத்தின் தலையில் இருந்திருக்க வேண்டும் என்று கருதும் ஆசை எளிதில் ஒழிவதன்று. கிராபின் பாட்டு அவ்வாசைக்கு நேர்மாறான வழியைக் காட்டுகிறது.

கிராப் 1754இல் சபோக் மாவட்டத்துக் கடற்கரை ஊரான ஆல்ட்பரோவில் பிறந்தவர். உப்புவரி தண்டும் சிறு அலுவலரின் மகன். மருத்துவம் பயின்று அதில் தேறாது இலண்டன் சென்று வறுமையுற்றவர். அரசியலறிஞர் எட்மண்ட் பர்க்கின் உதவியால் நூல் வெளியிட்டுக் குருப்பட்டமும் பெற்றார். நாட்டுப்புற வாழ்வை இன்பச் சோலையாகப் பாடிய மரபை மறுத்து, 1783இல் ‘சிற்றூர்’ என்னும் பாட்டை இயற்றினார். அதன்பின் இருபதாண்டுக்கு மேல் குறிப்பிடத்தக்க நூல் எதனையும் வெளியிடாதிருந்து, 1807இல் ‘பங்குப் பதிவேடு’ அடங்கிய தொகுதியை அளித்தார். 1806இல் மறைந்த சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸ் தம் இறுதி நோயில் இப்பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார் என்பது இலக்கிய வரலாற்றுச் செய்தி. பதிவேடு எழுதுவது கிராபுக்குப் புறத்தே நின்று கண்ட பொருள் அன்று. அவர்தம் பணியின் பகுதி.

பாட்டின் அமைப்பு எளிது. ஆண்டு முடிவில் குருவானவர் ஒருவர் ஏட்டைத் திறந்து, அவ்வாண்டு எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எனப் பாட்டும் மூன்று பகுதியாகவே நடக்கிறது. ஒவ்வொரு பெயரிலும் ஒரு கதை விரிகிறது. தாயின் பெயர் மட்டும் நிற்கும் ஒரு திருமுழுக்கு வரியில், மாவாலைக்காரர் மகள் ஒருத்தியின் துயரம் வெளிப்படுகிறது. ஏடு அக்குழந்தையை முறைதவறிப் பிறந்ததென்று குறிப்பதோடு நின்றுவிடும். தந்தையின் பொருளாசையும், கடலுக்குச் சென்று மீளாத காதலனும், அவள் தனிமையும் பாட்டில்தான் உண்டு.

இப்பகுதியில் மிகச் சிறந்தது ரிச்சர்டு மண்டேயின் கதை. ஊர் எல்லையில் யாரோ ஒரு குழந்தையை விட்டுச் சென்றுவிடுகின்றனர். ஊர்ச்சபை கூடுகிறது. பெயர் ஒன்று வைக்க வேண்டும். சபையில் உள்ள ஒருவர் பெயரை வைத்தால், குழந்தை அவருடையதோ என ஊர் பேசும்! ஆகவே அங்கு எவர்க்கும் இல்லாத ‘ரிச்சர்டு’ என்னும் பெயரைத் தேர்ந்து, குழந்தை கண்டெடுக்கப்பட்ட திங்கட்கிழமையையே குடும்பப் பெயராக்கி, ஏழையர் விடுதிக்கு அனுப்பிவிட்டுச் சபையினர் மனநிறைவோடு வீடு செல்கின்றனர். அடியும் பட்டினியுமாக வளர்ந்த அச்சிறுவன் ஊரை விட்டு ஓடி, பெருஞ்செல்வனாகி, ‘சர்’ பட்டமும் பெற்று, தன் பெயராலேயே அமைந்த மாளிகையில் இறக்கிறான். பிறந்த ஊருக்கு அவன் விட்டுச் சென்றது ஏழைகளுக்குக் காலாண்டுதோறும் நாற்பது ரொட்டி வாங்கும் அளவுக்கு இரண்டே பவுன். ஊர் அளித்த சோற்றையும் அடியையும் அவன் மறக்கவில்லை என்பதற்கு அச்சிறு கொடையே சான்று.

இக்கதை சிரிப்பூட்டுவது; ஆயின் முன்னோரைத் தேடுவோர்க்கு இதனினும் கூர்மையான பாடம் வேறில்லை. ‘மண்டே’ என்னும் குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் வழித்தோன்றல் ஒருவர் இறுதியில் அடைவது ஒரு தந்தையை அன்று, ஒரு கிழமையை! குருதியின் அடையாளம் என்று உலகம் கருதும் பெயர், ஊர்ப்பெரியவர்களின் அச்சத்தால் பிறந்த ஏற்பாடு. ஏடு பொய் சொல்லவில்லை; ஆனால் அது சொன்னது சபையின் முடிவை, குழந்தையின் பிறப்பை அன்று.

திருமணப் பகுதியில் கிராப் கையெழுத்தையே படிக்கிறார். கற்ற மணமக்கள் இருவரின் எழுத்து சீராகவும் அழகாகவும் நிற்க, உழவர் பலரின் எழுத்துக்கள் பயிற்சியில்லாப் புதுப் படைவீரர் வரிசைபோல் சாய்ந்தும் சரிந்தும் நிற்கின்றன என்கிறார். ஏட்டின் சொல்லை மட்டுமன்றி மையின் போக்கையும் சான்றாகக் கொள்ளும் இக்கண் ஆராய்ச்சியாளரின் கண்ணாகும். பீபி டாசன் என்னும் பெண்ணின் கதையோ நெஞ்சை உருக்குவது. ஊரின் அழகி எனப் பெயர் பெற்றவள், மணத்துக்குப் பின் வறுமையில் வீழ்ந்து, கையில் குழந்தையும் மற்றொரு கையில் உடைந்த நீர்க்குடமுமாகச் சேற்றில் தள்ளாடி நடக்கிறாள். ஏட்டில் இருப்பது அவள் மணநாள் மட்டுமே.

அடக்கப் பகுதியில் ஐசக் ஆஷ்போர்டு என்னும் உழவர் வருகிறார். நேர்மையும் அமைதியும் உடையவர். எவர் முன்னும் அஞ்சாதவர். முதுமையில் ஏழையர் விடுதியே தமக்குக் கதியாகுமோ என அஞ்சியவர், அதனை அடையாமலே தம் குடில் வாயிலில் விழுந்து உயிர் துறக்கிறார். அதே ஏட்டில், தன் நிலத்தை ஒருநாளும் வந்து பாராத சீமாட்டியின் பெயரும் இருக்கிறது. உயிரோடிருந்தபோது குடிகள் காணாத அவள், இறந்தபின் பெருஞ்சிறப்போடு ஊருக்கு வருகிறாள். ஏட்டில் இருவர்க்கும் ஒவ்வொரு வரியே. பதிவேட்டின் வறுமை என்று தோன்றுவது இவ்விடத்தில் அதன் நடுவுநிலையாகவும் தோன்றுகிறது.

திறனாய்வாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1825இல் கிராபைக் கடுமையாகக் கடிந்தார். உள்ளதை உள்ளபடி அடுக்குவது கவிதை ஆகாது என்பது அவர் கருத்து. இக்குற்றச்சாட்டு முழுவதும் பொருந்துவதன்று. உள்ளதை உள்ளபடி எழுதுவது ஏடு. ஏடு விட்டதை எழுதுவதே கிராபின் பாட்டு. விட்டதை நிரப்பும்போதும் அவர் பொற்பூச்சுப் பூசவில்லை. கஞ்சத்தனத்தையும் வீண்பெருமையையும் குடியையும் வறுமையையும் கொண்டே நிரப்பினார். அதனாலேயே அவர் மாந்தர் உயிரோடு நிற்கின்றனர்.

உண்மையான குறை வேறொன்று. பாட்டில் பேசுபவர் குருவானவர். ஏட்டை எழுதும் கையும் அவருடையது, தீர்ப்புச் சொல்லும் வாயும் அவருடையது. பாட்டின் தொடக்கத்திலேயே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: தோட்டமும் நூல்களும் உடைய நற்குடில் ஒருபுறம், அழுக்கும் நோயும் மலிந்த தெரு மறுபுறம். உழைத்தவன் உயர்ந்தான், சோம்பினவன் தாழ்ந்தான் என்னும் அறமே பெரும்பாலும் கதையை நடத்துகிறது. கூலியின் சிறுமையும் நிலம் சிலர் கையில் சேர்ந்ததும் ஆங்காங்கே தலைகாட்டினும், அவை காரணமாக ஆராயப்படவில்லை. ஆஷ்போர்டு போற்றப்படுவதற்கு அவருடைய மேன்மை மட்டுமன்று, அவருடைய பொறுமையும் காரணம். அத்தெருவினர் தம் வாயால் தம் கதையைச் சொல்லியிருந்தால் பாட்டு வேறாக அமைந்திருக்கும்.

இக்குறையைக் கிராப் ஓரளவு உணர்ந்திருந்தார் என்று கொள்ளவும் இடமுண்டு. இறுதிப் பகுதியில் டிபில் என்னும் முதிய கோயிற் பணியாளர் வருகிறார். குழி தோண்டுவதும் மணியடிப்பதும் அவர் தொழில். ஐந்து குருமார்க்கு அவர் பணி செய்திருக்கிறார். அவர்கள் ஒவ்வொருவரின் இயல்பையும் குறைகளையும் நினைவிலிருந்து சொல்கிறார். ஊரைக் கணக்கெடுத்த குருமாரைக் குழிவெட்டுபவர் கணக்கெடுக்கிறார்! எழுதுவோரும் ஒருநாள் எழுதப்படுவர் என்னும் உண்மை, பாட்டு முழுதும் ஓங்கி நின்ற தீர்ப்பின் குரலைச் சற்றே தாழ்த்திவிடுகிறது. ஏட்டுக்கு வெளியே, எளியோர் நினைவில் மற்றோர் ஏடு உண்டு என்பதையும் அது காட்டுகிறது.

இப்பாடம் இங்கிலாந்தோடு முடிவதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பலேறி வந்தோர். தமிழரிடையே மகன் தந்தை பெயரைத் தாங்கினும், அப்பெயர் அடுத்த தலைமுறையில் மாறிவிடுவதால், குடும்பப் பெயரைப் பற்றிப் பின்னோக்கி ஏறும் ஆங்கில முறை இங்கு முழுதும் பயன்படாது. முனுசாமி என்னும் ஒரே பெயர் எழுதுவோர் செவிக்கேற்ப ஆங்கில எழுத்தில் பல வடிவம் பெறும். எழுதியவர் யார், எதன் பொருட்டு எழுதினார், எதனைக் கேளாது விட்டார் என்று வினவாமல் அத்தகைய ஏட்டை நம்புவது, ‘மண்டே’யைத் தந்தை எனக் கொள்வது போன்றதே. ஏடு தரும் ஒரு வரியோடு, முதியோர் நினைவில் உள்ளவற்றையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். முதியோர் மறைந்தபின் ஏடு மட்டுமே நிற்கும்.

கிராபின் பாட்டு முன்னோரைத் தேடித் தரும் கருவி அன்று. தேடுவோர்க்கு வேண்டிய மனப்பாங்கைத் தரும் நூல். ஒரு பெயரைக் கண்டவுடன் பெருமை கொள்வதை விடுத்து, அப்பெயருக்குரியவர் எவ்வாறு உண்டார், எதற்கு அஞ்சினார், யாரால் ஒதுக்கப்பட்டார் என்று கேட்கும் மனப்பாங்கு அது. அவ்வாறு கேட்போர்க்கு ஏழையர் விடுதியில் வளர்ந்த முன்னோரும் இழிவாகத் தோன்றார்.