குமரிக்கண்டத்தின் அளவு: கடல்கோட் சான்றுகள் பற்றிய ஒரு மறுநோக்கு

அக்கராயனில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் சிலப்பதிகாரம் பற்றி உரையாட நேர்ந்தபோது, மாணவி ஒருவர் எம்மிடம் குமரிக்கண்டம் எவ்வளவு பெரியது என வினவினார். அது இருந்ததா என்று அவர் வினவவில்லை. இருந்தது என்பதில் அவருக்கு ஐயமில்லை; அளவு மட்டுமே தெரியவேண்டியிருந்தது. இவ்வினாவை நகைத்து ஒதுக்குதல் முற்போக்காளர் சிலரின் வழக்கம். நாம் அவ்வழி செல்ல விரும்பவில்லை. வினாவை வினாவாகவே ஏற்று, அளவைப் பற்றியே ஆராய்வோம்.

முதலிற் சான்றுகளைக் கால முறைப்படி நோக்குதல் வேண்டும். பஃறுளியாறும் பல மலைகளை அடுத்திருந்த குமரிக்கோடும் கடலுட்பட்டன என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. நிலத்தின் பரப்பு அங்குக் கூறப்படவில்லை. இறையனார் களவியலுரை, முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகளை வகுத்து, முதலிரு சங்கங்களின் நகரங்களைக் கடல் கொண்டதாகக் கூறுகின்றது. அதற்கும் பிந்திய அடியார்க்குநல்லாரே சிலப்பதிகார உரையில் 700 காவதம் என்றும் 49 நாடுகள் என்றும் கணக்குத் தருகின்றார். குமரிக்கண்டம் என்ற பெயரோ கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தில் வருவது. வடபுலக் கோயில்களிற் புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தோர் அறிவர்: அங்கு அது பரதகண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றேயன்றிக் கடலுள் அமிழ்ந்த நிலமன்று. இவை யாவும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரு பெருங்கண்டமானது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். கடல்கோளிலிருந்து காலம் விலக விலக, இழந்த நிலம் பெருகிச் செல்வதனை ஈண்டு அவதானிக்கலாம்.

அடியார்க்குநல்லாரின் கணக்கைச் சொல்லுக்குச் சொல் ஏற்றால் விளைவது யாது? காவதம் ஏறக்குறைய 10 மைல் என்னும் அகராதி வழக்கைக் கொண்டால், 700 காவதம் 7,000 மைல், அதாவது 11,000 கிலோமீற்றருக்கு மேலாகும். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவம் வரையுள்ள தொலைவோ ஏறத்தாழ 10,900 கிலோமீற்றர்தான். எனவே குமரிநாடு துருவத்தையும் கடந்து அப்பாற் செல்லவேண்டும். 49 என்பதும் ஏழு ஏழாக அடுக்கப்பட்ட எண்ணாகும். அந்நாடுகளின் பெயர்களில் தெங்கு, குறும்பனை, குன்றம், பாலை ஆகியன வருகின்றன. உரையாசிரியர் தாம் கண்டறிந்த தமிழ்நிலத்தைக் கொண்டே காணாத நிலத்தையும் அமைத்தார் என்பது இதனாற் புலனாகும். அவருடைய எண்கள் நிலஅளவையாளரின் எண்களல்ல.

மேனாட்டு அறிவியலும் இக்கண்டத்துக்குத் துணைநின்றதே என்பர். 1864இல் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலாளர், மடகஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கின ஒற்றுமையை விளக்க லெமூரியா என்னும் கண்டத்தைக் கருதுகோளாக முன்வைத்தார். ஹெக்கல் அதனை மனிதகுலத்தின் தொட்டிலாக்கினார். குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி 1876இல் எழுதிய ஏங்கெல்சும், இந்துசமுத்திரத்துள் அமிழ்ந்த ஒரு கண்டத்தை வாய்ப்புள்ள இடமாகக் குறிப்பிட்டார். இதனை மறைப்பதற்கில்லை. அவர் தம் காலத்து அறிவியலைப் பின்பற்றினார். நாமும் எம் காலத்து அறிவியலைப் பின்பற்றுவதே அவர்வழி நிற்பதாகும். 1960களில் நிலைபெற்ற புவித்தகட்டுக் கொள்கை லெமூரியாவுக்குத் தேவையில்லாமற் செய்துவிட்டது. இந்தியாவும் மடகஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னராகும். தற்கால மனித இனத்தின் வயதோ சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே.

எனின், கடல் எதனையும் கொள்ளவில்லையா? கொண்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றுள்ளதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை அன்று தரையாயிருந்தது. ஈழமும் தமிழகமும் ஒரே நிலமாயிருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் கரை அப்பால் நீண்டிருந்தது. அந்நீட்சியின் ஒரு பகுதியே இன்று வாட்ஜ் கரை எனப்படும் மீன்வளத் திட்டாகும். 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்தியாவின் கடல்வலயத்துட் சேர்ந்த இத்திட்டு, புலவோர்க்குப் பழம்பெருமை. மீனவர்க்கோ அன்றாடச் சோறு. 2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டதைக் கண்ட எமக்குக் கடல்கோள் நினைவுகள் வெறும் கற்பனையெனத் தோன்றா. ஆயினும் மூழ்கியது கண்டமன்று, கரையோர நிலமே.

கரை கண்டமானது ஏன்? அந்நியராட்சியின்கீழ் அரசியலதிகாரம் அற்றிருந்த மத்தியதர வர்க்கம், நிகழ்காலத்திற் பெறவியலாத நிலத்தைக் கடந்தகாலத்திற் பெற்றது. மொழியின் தொன்மையை நிலத்தின் பரப்பால் நிறுவ முனைந்தது. இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சிங்கள மரபின் இராஜாவலியவும் களனிதிஸ்ஸன் காலக் கடல்கோளைப் பெருந்தொகைகளாற் கூறுவது மனங்கொள்ளத்தக்கது. எனினும் ஆளும்வர்க்கத் தேவை என்று கூறி நாம் அமைதியடைய முடியாது. 2008இல் அக்கராயன் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். குளத்தையும் வயலையும் விட்டுச் சென்றோர் போர் முடிந்து, ஆண்டுகள் கழிந்த பின்னரே மீண்டனர். நிலமிழந்தோரின் பிள்ளைகளிடத்து இழந்த கண்டத்தின் கதை செல்வாக்குப் பெறுவதில் வியப்பில்லை. ஆனால் அக்கதை அவர்களது உண்மையான இழப்பைச் சிறிதாக்கிவிடுகின்றது. 11,000 கிலோமீற்றர் நாட்டின் முன் இரண்டேக்கர் வயல் எம்மாத்திரம்? அவ்வயலுக்கு உறுதியுண்டு, எல்லையுண்டு, உழைத்தவர் பெயருண்டு. கண்டத்துக்கு அவை இல்லை.

இவற்றை விளக்கிக் கரையோர நீட்சியைப் படத்திற் காட்டியபோது அம்மாணவி ஏமாற்றமடைவார் என எதிர்பார்த்தோம். அவரோ, அந்தக் கரையில் இருந்த சனங்கள் பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டார். முன்னைய வினாவிலும் இது பெரிது. அக்கராயனுக்கு அண்மையிலுள்ள இரணைமடுவின் பெயராலேயே இலங்கையின் பழைய கரையோர மண்படிவு ஒன்று புவிச்சரிதவியலில் வழங்குகின்றது. அப்படிவிற் கிடைத்த கற்கருவிகளைச் சிரான் தெரணியகல விரிவாக ஆராய்ந்துள்ளார். கற்கருவி தன்னைச் செய்தவரின் மொழியைக் கூறாது. அவர் எவ்வாறு உழைத்து உயிர் வாழ்ந்தார் என்பதைக் கூறும். அம்மாணவியின் வினாவுக்கு விடை தேடுவோர் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.